ஆறு தூண்களும் ஒரு கையெழுத்தும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் 2010-இல் நம் கல்லூரியின் சிவில் துறையிலிருந்து வெளியே போனவன். பதினான்கு ஆண்டுகளாகக் கட்டுமான வேலையில் இருக்கிறேன். ஒரு மாதத்துக்கு முன் சங்கச் செயலாளர் போன் செய்து, “2024-ஆம் ஆண்டில் உனக்குக் கிடைத்த வளர்ச்சியைப் பற்றி ஒரு இருபது நிமிஷம் பேசப்பா, பசங்களுக்கு உபயோகமா இருக்கும்” என்றார். “அண்ணே, இடுப்பு இரண்டு அங்குலம் வளர்ந்திருக்கு, அதைத் தவிர எனக்கு எதுவும் தோணலையே” என்றேன். அவர் விடுகிற ஆளா? சம்மதித்துவிட்டேன்.

அன்று ராத்திரி உட்கார்ந்து ஒரு பட்டியல் எழுதினேன். முடித்த வேலைகள், போய்வந்த பயிற்சி, கற்றுக்கொண்ட மென்பொருள் என்று ஒன்பது வரி வந்தது. படித்துப் பார்த்தேன். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த ஆண்டில் எனக்கு உண்மையாகவே நடந்தது அந்தப் பட்டியலில் இல்லை. நடந்ததைச் சொன்னால் என் பெயர் கொஞ்சம் கெடும். இருந்தாலும் சொல்கிறேன். இங்கே சொல்லாமல் வேறு எங்கே சொல்வது?

என் அப்பா கொத்தனார். நாற்பது வருடம் கரண்டி பிடித்தவர். நான் எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி. என்னை இந்தக் கல்லூரியில் சேர்க்க வந்த அன்று, நிர்வாகக் கட்டடத்துத் தூணைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, “நல்லாப் பூசியிருக்கான்” என்றார். பக்கத்தில் நின்ற எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் எனக்கு ரொம்ப நாள் போகவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இன்ஜினியர் ஆன பிறகு என் வேலையைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவருக்கு என்ன தெரியும், நாம் படித்தவர்கள் அல்லவா?

2024 பிப்ரவரியில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் குழறியது. ஒரு வார்த்தை சொல்ல அரை நிமிடம் ஆகும். அப்போது நான் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்துக்குப் பொறுப்பாக இருந்தேன். தரைத்தளமும் அதன்மேல் மூன்று மாடியும். அந்த வேலை நல்லபடியாக முடிந்தால் புராஜெக்ட் மேனேஜர் பதவி என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். பகலில் சைட், ராத்திரியில் அப்பா, நடுவில் ஓயாமல் போன். இதை ஒரு சாக்காகச் சொல்லவில்லை. சூழ்நிலை தெரியட்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஏப்ரல் மாதம், நல்ல வெயில். தரைத்தளத்தில் ஆறு தூண்களுக்குக் கான்கிரீட் போட வேண்டும். எம் 25. ரெடிமிக்ஸ் லாரி காலையில் வர வேண்டியது, வழியில் மாட்டிக்கொண்டு மதியம் வந்து சேர்ந்தது. கலவை ஏற்றி இரண்டு மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும் என்பது பொது விதி. அது தாண்டிவிட்டது. கலவை இறுகிப்போய் இறங்க மறுத்தது. செய்ய வேண்டியது என்ன? கலவை ஆலையைக் கேட்டு, அவர்கள் சொல்லும் அளவில் ரசாயனத்தைச் சேர்த்து, ஸ்லம்ப் பார்த்து எடுக்க வேண்டும். இல்லையென்றால் லாரியைத் திருப்பி அனுப்ப வேண்டும். திருப்பினால் அன்றைய வேலை போச்சு.

மேஸ்திரி கேட்டார்: “கொஞ்சம் தண்ணி விட்டுக்கலாமா சார்?”

நான் போனில் பேசிக்கொண்டிருந்தேன். தலையை ஆட்டினேன். அவ்வளவுதான். வாயைத் திறந்து சரி என்றுகூடச் சொல்லவில்லை. ஐந்தாறு நிமிடம் ஹோஸ் ஓடியது. கான்கிரீட் ஜோராக இறங்கியது. சாயங்காலம் அனுமதிச் சீட்டில் ‘கலவை சரிபார்க்கப்பட்டது’ என்ற கட்டத்தில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டேன்.

தண்ணீர் கூடினால் பலம் குறையும் என்பது எனக்குத் தெரியாதா? டஃப் ஏப்ரம்ஸ் 1918-லேயே நிறுவிய விஷயம் அது. நம் துறையில் இரண்டாம் ஆண்டுப் பையனை எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். தண்ணீருக்கும் சிமெண்டுக்கும் உள்ள விகிதம் 0.5 என்றால், 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு 25 லிட்டர்தான். அதிலும் மணலில் இருக்கிற ஈரத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும். தெரிந்தேதான் தலையை ஆட்டினேன்.

என்னிடம் வேலைக்குச் சேர்ந்து பத்து மாதமே ஆன ஒரு பெண் ஜூனியர் இன்ஜினியராக இருந்தார். 150 மி.மீ. கியூப்களை நிரப்பியது அவர்தான். வேறு ஆளாக இருந்தால் தண்ணீர் விடுவதற்கு முன்பே கொஞ்சம் கலவையை வாங்கி நிரப்பி வைத்திருப்பார். அந்தப் பெண் தண்ணீர் விட்ட பிறகு, தூணுக்குள் எது போனதோ அதையே எடுத்து நிரப்பினார். இன்றைக்கு நினைத்தால் அந்த ஒரு செயல்தான் என்னைக் காப்பாற்றியிருக்கிறது.

ஏழாம் நாள் மூன்று கியூபை உடைத்தார்கள். 28 நாளில் வர வேண்டிய பலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஏழு நாளில் வந்துவிட வேண்டும். அதாவது சதுர மில்லிமீட்டருக்கு 16, 17 நியூட்டன். வந்தது 12. அந்தப் பெண் வந்து, “சார், மேல் தளத்தை நிறுத்தி வைக்கலாமா?” என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “உனக்கு எத்தனை வருஷ அனுபவம்மா? 28 நாள் வரட்டும், பார்க்கலாம்.”

இருபதாம் நாள் அந்தத் தூண்களின் மேல் முதல் மாடித் தளம் போட்டு முடித்தோம். இருபத்தெட்டாம் நாள் மீதிக் கியூப்கள் உடைந்தன. 25 வர வேண்டிய இடத்தில் 19.

தலையை ஆட்டியது முதல் தப்பு. ஏழாம் நாள் ஒரு பெண்ணின் வாயை அடைத்தது இரண்டாவது தப்பு. இரண்டில் பெரியது இரண்டாவதுதான். முதல் தப்பு மட்டுமாக இருந்தால் ஆறு தூண்களை இடித்துவிட்டு மறுபடி எழுப்பியிருக்கலாம். இப்போது அவற்றின் தலைமேல் ஒரு தளம் உட்கார்ந்திருக்கிறது.

அன்று சாயங்காலம் அனுபவம் மிக்க ஒருவரிடம் யோசனை கேட்டேன். அவர் சிரித்தார். “இதுக்கா முகத்தைத் தொங்கப்போட்டிருக்கே? நல்ல கலவையில வேற மூணு கியூப் போடு. தேதியை மாத்தி எழுது. உடைச்சிடு. கட்டடம் எல்லாம் அப்படிச் சட்டுனு விழாது” என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. என்மேல் அக்கறை உள்ளவர். அந்த யோசனை எனக்கு அதிர்ச்சியாகவும் இல்லை என்பதுதான் இங்கே சொல்ல வேண்டிய விஷயம். ஏன் அதிர்ச்சியாக இல்லை என்று யோசித்தபோது எனக்கு நம் லேப் ஞாபகம் வந்தது.

மாணவத் தம்பி தங்கைகளே, இது உங்களுக்காக. நாங்கள் இரண்டாம் ஆண்டு படித்தபோது கான்கிரீட் லேபில் கியூப் உடைப்போம். ஒரு தடவை எங்கள் அணியின் முடிவு ஏறுக்கு மாறாக வந்தது. மறுபடி கியூப் போட்டால் இன்னொரு 28 நாள். சீனியர் ஒருவரின் ரெக்கார்டை வாங்கி, எண்களை அங்கங்கே இரண்டு கூட்டி, இரண்டு குறைத்து எழுதிவிட்டோம். வழவழவென்று அழகான கோடு வந்தது. பத்துக்கு ஒன்பதரை மதிப்பெண். ஆசிரியர்கள் எங்களை நம்பினார்கள். நாங்கள் ஏமாற்றினோம். அதற்கு ‘ரீடிங் குக் பண்றது’ என்று செல்லப்பெயர் வேறு. உங்களிடமும் அந்தப் பெயர் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது என்று இந்தச் சிரிப்பிலிருந்து தெரிகிறது.

அது சின்னத் தப்பு. யாரும் சாகவில்லை. ஆனால் பிடிக்காத எண்ணை மாற்றி எழுதலாம் என்று என் கை பழகியது அங்கேதான். பதினைந்து வருடம் கழித்து ஒருவர் அதே யோசனையைச் சொன்னபோது, என் கைக்கு அது பழக்கப்பட்ட வேலையாகத் தோன்றியது. அதுதான் எனக்குப் பயம் தந்தது.

அன்று ராத்திரி அப்பாவுக்குக் கைப்பயிற்சி கொடுக்க உட்கார்ந்தேன். ரப்பர் பந்தை அமுக்க வேண்டும். அவருக்குப் பந்து பிடிக்கவில்லை. நான் பரணிலிருந்து அவருடைய பழைய கரண்டியை எடுத்து, கைப்பிடியில் துணியைச் சுற்றி அவர் கையில் வைத்தேன். விரல்கள் மெல்ல மடங்கின. அவரிடம் என்ன தோன்றியதோ, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். லாரி, தண்ணீர், ஏழாம் நாள், வேறு கியூப் யோசனை எல்லாம். பதினான்கு வருடத்தில் என் வேலையைப் பற்றி அவரிடம் நான் பேசியது அதுதான் முதல் தடவை.

பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு குழறிக் குழறிக் கேட்டார்: “கீழ... எந்த... கிளாசு?”

“எல்.கே.ஜி., யு.கே.ஜி. அப்பா. சின்னப் பிள்ளைங்க மாடிப்படி ஏறக்கூடாதுன்னு கீழ வச்சிருக்காங்க.”

என் மகள் அப்போது யு.கே.ஜி. படித்துக்கொண்டிருந்தாள். அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

தூக்கம் வரவில்லை. முன்பு எப்போதோ படித்த ஒரு செய்தி ஞாபகம் வந்தது. நியூயார்க்கில் சிட்டிகார்ப் சென்டர் என்று 59 மாடிக் கட்டடம். 1977-இல் முடித்தார்கள். அதன் கட்டமைப்புப் பொறியாளர் வில்லியம் லெமெஷூரியர். 1978-இல், ஆட்கள் குடியேறிய பிறகு, அவர் மறுபடி கணக்குப் போட்டார். வெல்டிங் செய்ய வேண்டிய இணைப்புகளைப் போல்ட் வைத்து இணைத்திருந்தார்கள். மூலைவாட்டில் பலத்த புயல்காற்று அடித்தால் தாங்காது என்று அவர் கணக்குச் சொன்னது. அவர் கட்டட உரிமையாளர்களிடம் போய் விஷயத்தைச் சொன்னார். ராத்திரி ராத்திரியாக இணைப்புகளின் மேல் எஃகுத் தகடு வைத்து வெல்டிங் செய்து சரிப்படுத்தினார்கள். ஊராருக்கு இது தெரிந்தது 1995-இல்தான். உள்ளே இருந்தவர்களிடமும் சுற்றி இருந்தவர்களிடமும் அப்போதே சொல்லாமல் செய்தது சரியா என்ற விவாதம் இன்றும் இருக்கிறது. இருக்கட்டும். ஆனால் தன் கணக்கைத் தானே மறுபடி போட்டுப் பார்த்து, எழுந்து போய்ச் சொன்னார் பாருங்கள், அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. அவருக்கு 59 மாடி. எனக்கு ஆறு தூண்.

காலையில் முதல் வேலையாக மேலதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினேன். ‘தண்ணீர் விட அனுமதித்தது நான். சீட்டில் சரிபார்த்ததாகக் கையெழுத்துப் போட்டது நான். ஏழாம் நாள் முடிவைப் பார்த்தும் வேலையை நிறுத்தாதது நான். மேஸ்திரியோ ஜூனியர் இன்ஜினியரோ இதற்குப் பொறுப்பல்ல.’ நாலே வரி. எழுத இரண்டு மணி நேரம் ஆனது. ‘நிறுத்தாதது நான்’ என்பதற்குப் பதிலாக ‘நிறுத்தப்படவில்லை’ என்றுதான் கை முதலில் எழுதியது. யார் நிறுத்தவில்லை என்று சொல்லாமல் தப்பிக்க நம் மொழியில் அருமையான வசதி இருக்கிறது. அதை அடித்துவிட்டுத் திருத்தி எழுதினேன்.

பிறகு நடந்தது விதிப்படி நடந்தது. தளத்துக்கு முட்டுக் கொடுத்தோம். கட்டமைப்பு ஆலோசகர் வந்தார். தூணிலிருந்தே கோர் எடுத்துச் சோதித்தோம். ஐ.எஸ். 456 சொல்வது என்னவென்றால், குறைந்தது மூன்று கோர், அவற்றின் சராசரி வேண்டிய பலத்தில் 85 சதவீதம் இருக்க வேண்டும், தனித்தனியாக எதுவும் 75 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது. எம் 25-க்குச் சராசரி 21.25. எங்களுக்கு வந்தது 18. சந்தேகத்துக்கு இடமே இல்லை. ஆறு தூண்களையும் சுற்றி 100 மி.மீ. கனத்துக்குப் புதிதாகக் கம்பி கட்டிக் கான்கிரீட் போட்டு ஜாக்கெட்டிங் செய்தோம். மேலே வேலை ஏழு வாரம் நின்றது. ஆன செலவு என் ஒரு வருடச் சம்பளத்துக்கு மேல். பள்ளி நிர்வாகத்தின் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் நானே விளக்கினேன். ஒருவர் கோபித்துக்கொண்டு எழுந்து போனார். அதற்கு அவருக்கு உரிமை உண்டு.

வேலை போகவில்லை. புராஜெக்ட் மேனேஜர் பதவி போனது. எனக்கு நான்கு வருடம் ஜூனியர் ஒருவருக்கு அது கிடைத்தது. நல்ல பையன், இப்போது அவர்தான் எனக்கு மேலதிகாரி. ‘உண்மையைச் சொன்னால் கடைசியில் எல்லாம் நன்றாக முடியும்’ என்று கதை சொல்ல நான் இங்கே வரவில்லை. இழப்பு இழப்புதான். சம்பள உயர்வு நின்றது. வீட்டுக் கடன் தவணை கட்டும்போது மாதாமாதம் அது எனக்கு ஞாபகம் வருகிறது.

ஆனால் வேலை செய்கிற விதம் மாறிவிட்டது. அதையும் சொல்ல வேண்டும்.

கான்கிரீட் போடும்போது என் போன் சைட் ஆபீஸ் மேஜை டிராயரில் இருக்கும். லாரி வந்ததும் ஸ்லம்ப் பார்க்காமல் ஒரு சட்டி கலவைகூட இறங்காது. ஹோஸ் லாரிப் பக்கம் வராது. ஏழாம் நாள் முடிவு குறைந்தால் மேல் வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் ஜூனியருக்கே உண்டு என்று எழுத்தில் கொடுக்க வைத்தேன். அந்தப் பெண்ணிடம், எல்லோரும் இருக்கும்போதே மன்னிப்புக் கேட்டேன். அன்றைக்கு நான் எல்லோர் முன்னாலும்தானே அதட்டினேன்?

சனிக்கிழமை மாலை கால் மணி நேரம் எல்லோரும் உட்காருவோம். அந்த வாரம் அவரவர் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். முதலில் நான் சொல்வேன். முதல் மூன்று வாரம் நான் மட்டும்தான் பேசினேன். நான்காவது வாரம் கம்பி கட்டுகிற பீகார்ப் பையன் ஒருவன், ஒரு பீமில் வளையக் கம்பியின் இடைவெளி தவறிவிட்டது என்று தானே வந்து காட்டினான். கான்கிரீட் போடுவதற்கு முந்தின நாள். அவனோடு பேசுவதற்காகத்தான் நான் கொஞ்சம் இந்தி கற்றுக்கொண்டேன். என் இந்தியைக் கேட்டு அவன் சிரிப்பான். சிரிக்கட்டும், பேசுகிறானே.

இன்னொன்று. ராத்திரியில் அப்பாவிடம் அன்றைய வேலையைச் சொல்கிறேன். அவர் கேள்வி கேட்கிறார். பூச்சு ஏன் வெடிக்கிறது, செங்கல்லை எவ்வளவு நேரம் நனைக்க வேண்டும் என்று நாற்பது வருடக் கைக்கணக்கு அவரிடம் இருக்கிறது. எம். எஸ். ஷெட்டி புத்தகத்தை எடுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் பொருந்துகிறது. பொருந்தாத இடத்தில் நாங்கள் சண்டை போடுகிறோம். இத்தனை வருடம் இந்தச் சண்டையை இழந்திருக்கிறேன்.

நண்பர்களே, மாணவர்களே, உங்களிடம் இரண்டே வேண்டுகோள்.

சீனியர்களுக்கு ஒன்று: இந்த மாதிரி மேடைகளில் நாம் ஜெயித்த கதையை மட்டும் சொல்கிறோம். கேட்கிற பிள்ளைகள், தப்பு செய்வது தாங்கள் மட்டும்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அடுத்த மலரில் நாம் தோற்ற கதைக்கு நான்கு பக்கம் ஒதுக்குவோம்.

மாணவர்களுக்கு ஒன்று: லேபில் எண் மாறி வந்தால் மாறி வந்ததாகவே எழுதுங்கள். ஏன் மாறியது என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். அரை மதிப்பெண் போகட்டும். துறைத் தலைவர் அனுமதித்தால், ஒவ்வொரு செமஸ்டரிலும் கியூப் உடைக்கும் நாளில் நானே வந்து உங்கள் பக்கத்தில் நிற்கிறேன். மேடையில் சொல்லிவிட்டேன், இனி பின்வாங்க முடியாது.

கடைசியாக அப்பாவைப் பற்றி. போன மாதம் எங்கள் வீட்டு வாசல்படியில் பெயர்ந்திருந்த ஒரு மூலையை அவரே உட்கார்ந்து பூசினார். ஒரு சாண் அகலம்கூட இருக்காது. அரை நாள் ஆனது. கரண்டி இரண்டு தடவை கீழே விழுந்தது. நான் கலவையில் கொஞ்சம் தண்ணீர் சேர்க்கலாமா என்று கேட்டேன், பூச லேசாக இருக்குமே என்று. நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். பிறகு, “ஏழு நாள்... தண்ணி ஊத்து... மேல” என்றார்.

ஊற்றினேன். ஒரு நாள்கூடத் தவறவில்லை. 2024-இல் நான் செய்த வேலைகளில் எந்தச் சந்தேகமும் இல்லாமல் கையெழுத்துப் போடக்கூடிய வேலை அது.